நீ கேட்ட கேபிள் இந்தப் பெட்டியில் இல்லை

சாமி,

நீ கேட்ட கேபிள் இந்தப் பெட்டியில் இல்லை. பிரித்ததும் முதலில் அதைத்தான் தேடியிருப்பாய். அதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய கேபிள் இரண்டு வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டு உடனே போன் போடாதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் போடு. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து எத்தனை தடவை உன் நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. நேற்று ஒரு தடவை அழுத்தியே விட்டேன், நீயும் எடுத்துவிட்டாய். "மீட்டிங்ல இருக்கறேன்மா, அவசரமா?" என்றாய். "இல்ல சாமி, சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன். அப்போது மணி பதினொன்று. அந்நேரத்துக்கு என்ன சாப்பாடு என்று உனக்கும் தோன்றவில்லை, பார். அதனால் எழுதுகிறேன். பார்சல் ஆபீஸ் ஐந்து மணிக்கு மூடிவிடுவான், இப்போது பன்னிரண்டேகால். ஒயரிங் யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டேன். காய்ச்சல் தலைவலி இல்லாமல் நான் போடும் முதல் லீவு இதுதான்.

செவ்வாய்க்கிழமை நீ பேசியது ஒவ்வொரு வார்த்தையும் காதில் நிற்கிறது. பெங்களூரில் ஆபீஸ் பசங்களோடு சேர்ந்து பேண்டு ஆரம்பித்ததைச் சொன்னாய். உன் சம்பளத்தில் புது பேஸ் கிடார் வாங்கியதைச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன ஹாலில் முதல் கச்சேரி என்றாய். ஆறு வருஷம் கழித்து மறுபடி மேடை ஏறுகிறாய், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் அதைக் கேட்டாய். "ஏம்மா, நீ செஞ்சு குடுத்தியே ஒரு கேபிளு, அது ஊட்டுல இருக்குதா? அதைப் போட்டுத்தான் வாசிக்கோணும்னு இருக்கறேன். அன்னிக்கு என் மானத்தை வாங்குனது அந்தக் கிடாருதான். கேபிளு என்ன பண்ணுச்சு, பாவம்." நான் "தேடிப் பாக்கறேன் சாமி" என்றேன். தேடுவதற்கு என்ன இருக்கிறது? பீரோவில், என் கல்யாணப் பட்டுக்கு அடியில், பழைய துண்டில் சுற்றி ஆறு வருஷமாகக் கிடக்கிறது. அந்தக் கேபிளைப் பற்றி நான் உன்னிடம் சொன்ன முதல் பொய்யும் அதுவல்ல.

அன்றையிலிருந்து என் கை ஓர் இடத்தில் நிற்கவில்லை. குக்கர் எத்தனை விசில் விட்டது என்று மறந்து பருப்பைக் கூழாக்கினேன். பீரோவைத் திறந்து அந்தத் துண்டைப் பிரிக்கிறேன், சுற்றி வைக்கிறேன், வாசல் வரை போகிறேன், மறுபடி வந்து பிரிக்கிறேன். யூனிட்டில் ஒரு டிப்பர் லாரிக்கு ஒயர் கட்டும்போது பிரேக் லைட்டுக்குப் போக வேண்டியதை இடது இண்டிகேட்டர் கனெக்டரில் செருகிவிட்டேன். பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் மல்லிகா பார்த்துவிட்டாள். "ஏனுங்கக்கா, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? பிரேக் அடிச்சா வண்டி லெஃப்ட்ல திரும்பற மாதிரியில்ல காட்டும்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் ஓட்டுகிற லாரி நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு டாபாவில் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் அதுவரை தெரியாது. அப்புறம், "பிரேக் புடிக்கலீன்னு தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தங்கிட்ட வண்டியக் குடுத்து அனுப்புவியா நீயி?" என்றார். மாட்டேன் என்றேன். "அப்பறம் என்ன, சொல்லிப்போடு" என்று வைத்துவிட்டார். அவருக்கு எல்லாமே வண்டிதான்.

உனக்குத் தெரிந்த கதைதான், என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். உன் காலேஜ் கடைசி வருஷம். நாமக்கல்லில் பாட்டு ட்ரூப் வைத்திருந்த மாஸ்டர், தன் பேஸ் கிடார் பையன் வெளிநாடு போய்விட்டான் என்று உன்னைக் கூப்பிட்டார். ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துக் காட்டு, சரியாக இருந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்றார். நீ லீவு நாளில் வேலை செய்து சேர்த்ததில் ஒரு பழைய பேஸ் வாங்கி வந்தாய். அதோடு வந்த கேபிளின் முனையில், கிடாரில் செருகுகிற பின் உடைந்திருந்தது. "புதுசு கடையில கேட்டேன்மா, அநியாய விலை சொல்றாங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. சங்ககிரியில் நிற்கிற லாரிகளில் பாதிக்கு நான் ஒயர் கட்டியிருக்கிறேன். முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் இத்தனை நிறத்தில் இத்தனை ஒயர் என்று கண்ணை மூடிக்கொண்டு பலகையில் இழுத்து, முனைக்கு லக் வைத்து அடித்து, டேப் சுற்றி அனுப்புகிறவள். என் பிள்ளை பத்தடி ஒயருக்குக் கடைக்காரன் முன்னால் நிற்பதா? "இதென்ன பெரிய கம்பசூத்திரம்? ரெண்டு முனை, ரெண்டு ஒயரு. நான் செஞ்சு தாரேன்" என்றேன். உன்னிடம் ஒரு வார்த்தை, அந்த உடைந்த கேபிளைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பார்வை, இரண்டும் செய்யவில்லை. தெரியும் என்று நினைக்கிறவளுக்குப் பார்ப்பதற்கு ஏது பொறுமை.

எங்கள் வேலையில் ஒயர் மெல்லிசாக இருந்தால் சூடாகும், உருகும், வண்டியே எரியும். தடிமனாக இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். அதனால் யூனிட்டில் இருந்ததிலேயே நல்ல செம்பு, இருந்ததிலேயே தடிமன், சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று எடுத்தேன். இரண்டையும் முறுக்கி, டேப் சுற்றி, லாரிக்குப் போடுகிற நெளிநெளியான குழாய்க்குள் நுழைத்தேன். சேலத்தில் பின் இரண்டு வாங்கி வந்து, ஒயர் அதற்குள் நுழையாமல் சண்டித்தனம் பண்ணியதால் இழைகளைக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பற்றவைத்தேன். நீ அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதைக் கட்டி நின்னுபோன லாரியவே இழுக்கலாமாட்ட இருக்குது" என்று சிரித்தாய். ட்ரூப் பசங்கள் கிண்டல் பண்ணியபோது "எங்கம்மா செஞ்சது, உங்கம்மா செய்வாங்களா?" என்று கேட்டாயாம். அதைக் கேள்விப்பட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் மாட்டிப் பார்த்தபோதே அது 'உம்'மென்றது. நீ கம்பியில் கை வைத்தால் குறையும், கையை எடுத்தால் கூடும். நீ என் முகத்தைப் பார்த்தாய். "பழைய கிடாரு, அப்படித்தான் இருக்கும் சாமி" என்று சொன்னது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நான்தான்.

வரவேற்பு புதுச்சத்திரம் பக்கம் மண்டபத்தில். தற்செயலாக எங்கள் யூனிட் முதலாளி மகனுடையதே அது. அதனால் நானும் மல்லிகாவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடை முழுக்கச் சீரியல் லைட், சுற்றுகிற கலர் லைட், பின்னால் ஜெனரேட்டர். பாட்டு தொடங்கும் முன்பே ஒரு சத்தம் வந்தது. லாரியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்தால் வருமே, அதே சத்தம். பின்னாலிருந்து ஒருத்தர், "ஏனுங்க, எவனோ வண்டிய ஆஃப் பண்ணாம உட்டுட்டு சோத்துக்குப் போயிட்டானுங்க!" என்று குரல் கொடுத்தார். மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் லாரித் தொழில்காரர்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன், சாமி. வாய்விட்டுச் சிரித்தேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே மேடையைப் பார்த்தபோதுதான் நீ கிடாரில் இந்தக் குமிழைத் திருகுவதும் அந்தக் குமிழைத் திருகுவதுமாக நிற்பது தெரிந்தது. கம்பியில் கை வைக்கிறாய், குறைகிறது. எடுக்கிறாய், ஏறுகிறது. மூன்றாவது பாட்டில் மாஸ்டர் உன்னைப் பார்த்துக் கையால் போதும் என்று காட்டிவிட்டு, மிக்சரில் உன் சத்தத்தைச் சுத்தமாக இறக்கினார். சத்தம் நின்றதும் ஜனங்கள் கை தட்டினார்கள். கச்சேரி முடியும் வரை நீ கிடாரை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய்.

மறுநாள் கேபிளை யூனிட்டுக்கு எடுத்துப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒழுங்காக 'பீப்' வந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன், கேபிளில் ஒரு குறையும் கிடையாது என்று. நீ தலையை ஆட்டி, "அப்ப கிடாருதாம்மா. மாஸ்டரும் அதான் சொன்னாரு, வேற நல்லதா வாங்கிட்டு வா, பாக்கலாம்னு" என்றாய். மூன்றாம் நாள் யூனிட்டுக்குச் சாமான் வாங்கச் சேலம் போனேன். போன இடத்தில் பின் வாங்கிய அந்தப் பாட்டுச் சாமான் கடைக்கும் போனேன். கேபிள் பையில் இருந்தது. கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, கனத்தைப் பார்த்து, "என்னுங்கக்கா இது, தாம்புக்கயிறாட்டம்?" என்றார். பிறகு ஒரு பழைய நல்ல கேபிளை எடுத்துக் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் நூல்போல ஓர் ஒயர். அதைச் சுற்றி ரப்பர் மாதிரி. அதற்கு மேல் கறுப்பாக ஒரு மெல்லிய தோல். அதற்கும் மேலே, சுற்றி வர, செம்பு இழைகளால் நெருக்கமாகப் பின்னிய ஒரு வலை. "இதுல போறது கரண்டுன்னு சொல்றதுக்கே இல்லீங்கக்கா, துளியூண்டு சத்தம். அதுக்குத் தடிமனாப் போட்டு ஒரு புண்ணியமும் இல்ல. இந்த வலை இருந்தாத்தான் வெளிய இருக்கற லைட்டு, ஃபேனு, ஜெனரேட்டரு எதுவும் உள்ள ஏறாது. உங்க ஒயரு ஏரியல் கம்பியாட்டம் ஊருல இருக்கற எரைச்சலையெல்லாம் இழுத்துப்போடும்." நான் மெதுவாக, "அப்ப கிடாரு?" என்று கேட்டேன். "கிடாருக்கு என்னுங்க? நல்ல கேபிளாப் போட்டுப் பாருங்க" என்றார்.

அங்கேயே ஒரு நல்ல கேபிள் வாங்கினேன். ஆமாம், வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது மடியில் பை, பைக்குள் கேபிள், மனசுக்குள் ஒத்திகை. 'சாமி, தப்பு என்னுது. கிடாரு நல்ல கிடாரு. மாஸ்டருகிட்ட நானே வந்து சொல்றேன்.' கொண்டலாம்பட்டி தாண்டியதிலிருந்து சங்ககிரி வரை இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, கிடாரைக் குடுத்துடலாம்னு இருக்கறேன். ஜலகண்டாபுரத்துல ஒருத்தன் கேக்கறான். அந்தப் பெங்களூர்க் கம்பெனிக்கும் வாரேன்னு சொல்லிப்போடறேன்" என்றாய். அந்தக் கம்பெனியின் வேலை லெட்டர், நீ பதில் போடாமல், பத்து நாளாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. பத்து நாளாக நான் அதைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். ஊர் ஊராகச் சுற்றுகிற ஆம்பளை இந்த வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்று எனக்கு. உன் அப்பா வீட்டில் இருக்கிற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீயும் மண்டபம் மண்டபமாக அலைவாய், உனக்கு வருகிற பெண்ணும் என்னைப்போல வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று பயம். என் கை பைக்குள் கேபிளைப் பிடித்திருந்தது. அதன் பிளாஸ்டிக் உறை சரசரத்தது, உனக்கும் கேட்டிருக்கும். "உன் இஷ்டம் சாமி" என்றேன். பையிலிருந்து கொத்தமல்லிக் கட்டை மட்டும் வெளியே எடுத்தேன்.

மறுநாள் நீ கிடாரை என் போர்வையில் சுற்றி ஜலகண்டாபுரம் பஸ் ஏறினாய். சாயங்காலம் போர்வையை நான்காக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாய். அதை வாங்கி வைக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். ஜலகண்டாபுரம் என்ன சீமையா, திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு மறுநாள் சேலம் போய் அந்தக் கேபிளை உறைகூடப் பிரிக்காமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் இருந்தால் என்றைக்காவது உன் கண்ணில் பட்டுவிடும் என்று. நான் செய்ததிலேயே கேவலம் அதுதான் என்று எனக்குத் தெரியும். பிறகு நீ நன்றாக வந்தாய், வீட்டுக்கு மேலே மெத்தை கட்டினாய், அப்பாவின் கண் ஆபரேஷனைப் பார்த்துக்கொண்டாய். ஒவ்வொரு தடவையும், எல்லாம் நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை. நீ வேலைக்குப் போனதில் தப்பில்லை, சாமி. நல்ல கிடார் கையில் இருந்தும் அது சரியில்லை என்று நம்பிக்கொண்டு போனாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. உண்மை தெரிந்திருந்தும் நீ பெங்களூர்தான் போயிருப்பாயோ என்னவோ. அந்த முடிவை உன்னை எடுக்க விடாமல் நான் எடுத்துவிட்டேன்.

நேற்று வேலை விட்டதும் சேலம் பஸ் ஏறினேன். அதே கடை, அதே ஆள், மீசை மட்டும் நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "ஏனுங்கக்கா, உறை பிரிக்காம கேபிளைத் திருப்பிக் குடுத்தீங்களே, நீங்கதானுங்களே?" என்றார். இதற்கெல்லாம் எப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்களோ. "நான்தானுங்க. இப்பத் திருப்பிக் குடுக்க மாட்டேன், நல்லதாப் பாத்துக் குடுங்க" என்றேன். மேஜையில் நாலைந்து எடுத்துப் போட்டார். என் கை நேராக எதற்குப் போனது என்று நினைக்கிறாய்? இருந்ததிலேயே தடிமனானதுக்கு. "அது ஸ்பீக்கர் பொட்டிக்குப் போறதுங்கக்கா, அதுல வலை கிடையாது" என்று சிரித்தார். பின் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கிறது, அதனால் நீயும் ஏமாந்துவிடாதே. தோல் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார், எழுத்து இல்லாவிட்டால் கேட்டு வாங்கு. அதைக் கிடாருக்குப் போட்டால் என் கதைதான். கிடார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போட்டாலும் ஆபத்து, சூடாகிவிடுமாம். அடுத்து, துணி சுற்றி, முனையில் தங்க முலாம் பூசின ஒன்று. விலையைக் கேட்டதும் நான், "இதுல பாட்டு தங்கமா வருமுங்களா?" என்றேன். "பின்னு கறுக்காதுங்க, அவ்வளவுதான். சத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான்" என்று நல்ல மனுஷன் உண்மையைச் சொன்னார். இருப்பதிலேயே மலிவானதில் பின்னும் ஒயரும் சேர்த்து ஒரே வார்ப்பாக மூடியிருந்தது. திறந்து பார்க்க முடியாது, உள்ளே அறுந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். அது வேண்டாம் என்றேன்.

நடுவில் ஒன்று இருந்தது, பார்வைக்கு ஒன்றும் விசேஷம் இல்லை. பின் கனமான இரும்பு, மூடியைத் திருகினால் கழன்று வருகிறது. உள்ளே பார்த்தேன். வலையின் இழைகள் ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டு நடு ஒயரைத் தொடவில்லை. பற்றவைத்த இடம் பளிச்சென்று இருந்தது, சொதசொதவென்று குமிந்து மங்கிக் கிடக்கவில்லை. எல்லாவற்றையும்விட, கேபிளின் தோலை ஒரு பல் கவ்விப் பிடித்திருந்தது. மேடையில் யாராவது காலால் இடறினால் இழுபடுவது தோல்தான், பற்று விடாது. கடைக்காரரிடம் ஒரு பேஸில் மாட்டச் சொன்னேன். சத்தத்தை முழுக்க ஏற்றுங்கள், கம்பியைத் தொடாதீர்கள் என்றேன். கேபிளைத் தூக்கி டியூப் லைட் பக்கம் கொண்டுபோனேன், அவருடைய போன் சார்ஜர் மேல் போட்டேன், உதறினேன், தரையில் படீரென்று அடித்தேன். அதற்காகத்தான் வலைக்கு அடியில் அந்த மெல்லிய கறுப்புத் தோல், அது இல்லாவிட்டால் அடிக்கிற அடியெல்லாம் ஸ்பீக்கரில் தட்டுமாம். இதில் ஒன்றும் தட்டவில்லை. கடைக்கு வந்திருந்த இரண்டு பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அந்தக்கா லாரிக்கு ஒயர் கட்டறவங்கடா, ஒதுங்கி நில்லுங்க" என்றார் கடைக்காரர். ஆறு வருஷத்துக்கு முன் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்ய ஒரு கால் மணி நேரம் ஆகியிருக்காது.

நீளம் பதினைந்து அடி வாங்கியிருக்கிறேன். சின்ன மேடைக்கு அது போதும். நீளம் கூடக் கூடச் சத்தம் மழுங்கும், காலிலும் சிக்கும். உன் புதுக் கிடாரில் பின் செருகுகிற ஓட்டை முகத்தில் இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்று தெரியாததால் நேர் பின் உள்ளதாகவே எடுத்தேன். மாட்டுவதற்கு முன்னால் கேபிளைத் தோள் வாருக்குள் ஒரு சுற்று விட்டு மாட்டு, யாராவது மிதித்தாலும் பிடுங்காது. மாட்டும்போதும் கழற்றும்போதும் சத்தத்தை இறக்கிக்கொள். மேடையில் கரண்ட் ஒயர் போகிற வழியிலேயே இதைக் கூடவே இழுத்துப் போடாதே, குறுக்கே தாண்ட வேண்டியிருந்தால் குறுக்காகத் தாண்டவிடு. முடிந்ததும் முழங்கையில் சுற்றி முறுக்காதே. உள்ளே இருக்கிற வலை ஒரு பக்கம் விலகி வழி விட்டுவிடும். பெரிய வளையமாக, அது எப்படிப் படுக்க நினைக்கிறதோ அப்படியே சுற்று. இரண்டு எதற்கு என்றால், உன் அப்பா ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுத்து நீ பார்த்திருக்கிறாயா? அதற்குத்தான். பார், தப்பைச் சொல்ல உட்கார்ந்தவள் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வாய்தான் அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தது.

மணி மூன்றரை ஆகிவிட்டது. பழைய கேபிளை வெட்டிப் போட்டுவிடலாம் என்று காலையில் கத்தரியோடு உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. 'எங்கம்மா செஞ்சது' என்று நீ அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாய். பீரோவிலேயே இருக்கிறது. ஊருக்கு வரும்போது நீயே எடுத்து என்ன பண்ண வேண்டுமோ பண்ணு. வருவாய் என்று நினைத்து எழுதுகிறேன். கோபத்தில் வராமல் இருந்தாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பயத்தில்தான் ஆறு வருஷம் ஓடியது. ஆனால் அந்தக் கேபிளை உனக்கு அனுப்பி, மறுபடி ஒரு மேடையில் நீ குமிழைத் திருகிக்கொண்டு நிற்பதை நினைத்தேன். இந்தத் தடவை உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்க நான் காரணமாக இருக்க மாட்டேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை என்றாய். எல்லோரும் வருவதற்கு முன்னால் கொஞ்சம் சீக்கிரம் போ. கேபிளை மாட்டு. சத்தத்தை முழுசாக ஏற்று. கம்பியில் கை வைக்காதே, ஒன்றும் வாசிக்காதே. என்னைக் கூப்பிட்டுவிட்டு, போனை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில். நான் ஹலோ கூடச் சொல்ல மாட்டேன், மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு வருஷமாக அந்த 'உம்' என் காதை விட்டுப் போகவில்லை. அது நின்றுவிட்டது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் போனை எடுத்து என்னைத் திட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, நான் வைக்க மாட்டேன். திட்டி முடித்ததும் போனைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, எனக்கு ஒரு பாட்டு வாசி.

அம்மா